கணுக்கால் ஈயம்

என் மனுசன் செத்த பிறகும் முந்நூறு பேர் அவரை உடம்பில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் சொந்தக்காரர்கள், குளிரில் இவளுக்கு மண்டை பிசகிவிட்டது என்பார்கள். நோர்வேயின் வடக்கில் மீன் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணச் செய்தி.

இங்கே கடல் மலைகளுக்கு நடுவே நெடுந்தூரம் உள்ளே புகுந்து கிடக்கும். அதற்குள் வட்ட வட்டமாக வலைக்கூண்டுகள், கூண்டுக்குள் சால்மன் மீன். வலை கிழிந்தால் மீன் போய்விடும். அதனால் சுழியோடிகள் தினமும் இறங்கிப் பார்க்கவேண்டும். அந்தத் தண்ணீரில் வெறுங்கையை வைத்தால் எலும்புக்குள் வலிக்கும். ஆகவே நனையாத சூட் ஒன்றைப் போடுவார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர், உள்ளே கம்பளி உடுப்பு, இரண்டுக்கும் இடையில் காற்று.

அந்தக் காற்றுதான் காப்பாற்றும், அதுவேதான் கொல்லும். காற்றுக்கு ஒரே குணம். எந்தப் பக்கம் உயரமோ அங்கே ஓடும். சுழியோடி வயிறு கீழே பார்க்க, தரைக்குச் சமாந்தரமாக மட்டமாகக் கிடந்தால் அது முதுகு முழுக்கப் பரவி நிற்கும். கால் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் எல்லாம் காலுக்குள் போய்விடும். கால் பலூனாகும். காற்றை வெளியே விடுகிற வால்வு இடது தோளில் இருக்கிறது. தோள் கீழே போய்விட்டால் அந்த வால்வு இருந்தும் பிரயோசனம் இல்லை. மேலே போகப் போகக் காற்று இன்னும் பெருக்கும். தலைகீழாகத் தொங்கியபடி மேலே பாய்வீர்கள். ஆழத்திலிருந்து அப்படிப் பாய்ந்தவர்கள் சிலர் திரும்ப எழும்பவில்லை.

கேதீஸ் மட்டமாகக் கிடப்பதில் மன்னன். மேசன்மார் வைக்கிற ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்குமே, அப்படி. ஒரு விரலைக்கூட அசைக்காமல் அவர் கிடப்பதைப் பார்க்கப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் அதே நிறுவனத்தின் பட்டறையில் சூட்டுகளுக்கு வால்வு பொருத்துகிறவள். பெயர் வதனி.

ஒருநாள் எங்கள் மேலாளர் ஈங்கர் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். அவள் நொர்ஸ்க் மொழியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஒருவரின் உடம்புப் பழக்கத்தை சூட்டே படிக்கப்போகிறது. அவர் எப்போது மூச்சை இழுக்கிறார், எப்போது காற்றைச் சேர்க்கிறார், எப்போது விடுகிறார், எல்லாம். இரண்டு குளிர்காலம் படித்தால் போதும். பிறகு புதிதாக வருகிறவர் அதைப் போட்டாலே கேதீஸ் கிடக்கிற மாதிரிக் கிடப்பார். சூட்டின் நெஞ்சில் ஒரு காதும் இருக்கும். பக்கத்தில் வருகிற துணை ஆள் எங்கே இருக்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். இருவரும் பிரிந்து போகாமல் இருக்க."

கேதீஸ் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "அப்ப வாறவன் என்ர உடம்பைப் போட்டுக்கொண்டு வேலை செய்வான். சம்பளம் ஆருக்கு?"

"அவர் மிகவும் சந்தோஷப்படுகிறார்" என்று நான் ஈங்கருக்கு மொழிபெயர்த்தேன்.

தனியாக இறங்கக்கூடாது என்பது சட்டம். அவருக்குத் துணையாக என்னையே போட்டார்கள். பட்டறைக்காரி கூட இருந்தால் வால்வையும் பார்த்துக்கொள்வாள் என்பது நிறுவனத்தின் கணக்கு. படிக்கிற சூட்டில் அவர், சாதாரண சூட்டில் நான்.

எனக்கு அந்தக் கலை வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலியாணம் செய்த புதிதில் அவர்தான் எனக்குச் சுழியோடப் பழக்கினார். இறங்கிய கொஞ்ச நேரத்தில் என் கால் மேலே, தலை கீழே. "வௌவால்" என்று கூப்பிடுவார். "என்ர வௌவால் இண்டைக்கு எந்தக் கிளையில தொங்கினது?" என்று சாப்பிடும்போது கேட்பார். கடைசியில் என் கணுக்கால்களில் ஈயம் கட்டிவிட்டார். சின்னப் பை, அதற்குள் ஈயக் குண்டுகள். அதற்குத் தண்டை என்று பெயரும் வைத்தார். மற்றவர்களுடையதோடு மாறாமல் இருக்க இரண்டிலும் சிவப்பு நகப்பூச்சால் 'வ' என்று எழுதினேன்.

தண்டை கட்டுகிறவர்கள் பழகாதவர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படகில் ஏறும்போது பார்க்கிறவன் எல்லாம் சிரிப்பான். கணுக்காலும் கன்றிப்போய் நீலமாகும். ஒருநாள் நான் அழாத குறையாகக் கத்தினேன். அவர் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தார்.

"சரி, கழட்டும்" என்றார். "உமக்கு இனி வேண்டாம். நீர் பழகீட்டீர்."

கழற்றினேன். இறங்கினேன். கால் எழவில்லை! அன்றும் எழவில்லை, அதற்குப் பிறகும் எழவில்லை. எப்போதாவது மெல்ல உயர்வதுபோல இருக்கும், மூச்சு ஒருமுறை பதறும், உடனே கால் தானாகக் கீழே வந்துவிடும். தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் வடைத்தட்டை வைத்துக்கொண்டு நான் அளந்த அளப்புக்குக் கணக்கில்லை. அவர் ஒரு பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என்னை அவர் வௌவால் என்று கூப்பிடவில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகவும் இருந்தது.

அவருடைய இடுப்புப் பட்டியில் ஈயம் கூடியிருப்பதைப் பட்டறையில் நிறுத்துப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு ஏன் இப்ப இவ்வளவு பாரம்?"

வயிற்றைத் தட்டிக் காட்டினார். "வயசு போகுது. வண்டி மிதக்குது."

தண்ணீருக்குள் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவார். நான் திரும்பினால் ஆளைக் காணாமல் தேடவேண்டும். அதற்கும் சண்டை பிடித்தேன்.

"நீர் முன்னால போம். எனக்கு அப்பதான் வழி தெரியும்."

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பெண்பிள்ளை ஒருத்தி புருஷன் வாயால் அப்படி ஒன்றைக் கேட்டால் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. சூட் படித்து முடித்தது. அந்தப் படிப்பை அப்படியே மற்ற சூட்டுகளுக்கு ஏற்றிப் பண்ணை பண்ணையாக அனுப்பினார்கள். போட்டவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒருசிலர் மட்டும், இந்த சூட் எந்நேரமும் எதையோ சுமந்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஈங்கர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் கேதீஸ் பாண் வாங்கப் போனார். கடை வாசலில் விழுந்தார். இருதயம் என்றார்கள். நான் ஓடிப்போகும்போது யாரோ அவருடைய ஜாக்கெட்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருந்தார்கள், பாண் பை பக்கத்தில் கிடந்தது. இத்தனை வருஷம் கடலுக்குப் பயந்து நேர்ந்த என் நேர்த்திகள் எல்லாம் தப்பான விலாசத்துக்குப் போய்விட்டன. சாம்பலை அவர் வேலை செய்த அதே கடலில் கரைத்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய கிழமை, சோதனை பார்க்கிறேன் என்று சொல்லி அவர் படிப்பித்த சூட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். நின்றேன். நான் மூச்சை இழுக்க முன்பே தோளில் காற்று ஒரு துளி வெளியே போனது. இடுப்பில் கொஞ்சம் வந்து சேர்ந்தது. அது அவர் செய்கிற விதம். அவசரமே இல்லாத, கொஞ்சம் சோம்பலான விதம். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடியில் புகை படியும், வழி தெரியாது. தெரியாமலே கிடந்தேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தச் சோதனையைப் பார்த்தேன். துணைக்கு வந்தவர்கள் தள்ளி நின்றார்கள்.

ஆறேழு மாதம் கழித்துத்தான் ரூபனுக்கு அது நடந்தது.

ரூபன் கேதீஸின் தம்பி. தெற்கே ஒரு பண்ணையில் சுழியோடி. வலையின் அடிப்பக்கத்தில் அவன் சும்மா கிடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய சூட் திடீரென்று இடது தோளால் காற்றைக் கொட்டிவிட்டு, அவனை அரை ஆள் உயரம் கீழே இறக்கி, இடப்பக்கம் திருப்பியது. தொய்ந்து கிடந்த வலைக்குள் போய் மாட்டினான். சிலிண்டர் சிக்கிவிட்டது. கூட இருந்த ஓலவ் என்கிறவன் வலையை வெட்டி எடுத்திருக்காவிட்டால் எங்கள் வீட்டில் அந்த வருஷத்து இரண்டாவது செத்தவீடு நடந்திருக்கும்.

விசாரித்தால் வேறு பண்ணைகளிலும் அதே கதை. எப்போதாவது, காரணம் இல்லாமல், இடது தோள், அரை ஆள் இறக்கம், இடப்பக்கம். ஈங்கர் என்னைக் கூப்பிட்டாள்.

"இது வால்வின் பிழையாக இருந்தால் வால்வை மாற்றுவோம். பழக்கத்தின் பிழையாக இருந்தால்..." என்று நிறுத்தினாள். "பழக்கத்தை அழிக்கவேண்டிவரும், வதனி. எல்லாச் சூட்டிலிருந்தும்."

"வால்வுதான்" என்றேன்.

அந்த மாதம் நான் வேலை செய்த மாதிரி வாழ்க்கையில் என்றும் செய்ததில்லை. இடது தோள் வால்வு ஒவ்வொன்றையும் கழற்றிப் புதிது போட்டேன். வால்வாக இருக்கவேண்டும் என்று தெரிந்த தெய்வத்தை எல்லாம் கும்பிட்டேன். புது வால்வு போட்ட சூட் ஒன்று அடுத்த கிழமையே அதே மாதிரி இறங்கித் திரும்பியது.

ஈங்கர் நல்லவள். எனக்கு வலிக்கும் என்று தெரிந்து ஒரு வழியோடு வந்தாள்.

"கடைசியாக ஒரு சோதனை. ரூபன் கேதீஸின் சூட்டைப் போடட்டும். நீ சாதாரண சூட்டில், முந்தி போன மாதிரியே துணைக்குப் போ. பிழை வருகிறதா பார்ப்போம். வந்தால் அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த சூட் உன்னிடம் படிக்கட்டும். அவர் பழக்கிய ஆள் நீ. அவருக்கு அடுத்தபடி மட்டமாகக் கிடக்கிறவள் நீதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ எப்படிக் கிடக்கிறாய் என்றும் அன்றைக்கே பார்ப்போம்."

அந்த நேரத்தில் எனக்குப் பெருமை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அவர் போனாலும் அவர் பழக்கியது என் காலில் இருக்கிறது, அது முந்நூறு பேருக்குப் போகும் என்று நினைத்தேன். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ரூபன் வந்தான். படகில் சூட்டின் கழுத்தை இழுத்து மாட்டும்போது முகம் வெளிறி இருந்தது.

"என்னடா, பயமோ?"

"இல்லை அண்ணி. அண்ணையின்ர சேர்ட்டைப் போடுற மாதிரிக் கிடக்கு. அவருக்குத் தெரியாமல் சின்னனில போட்டு அடி வாங்கினனான்."

"இப்ப அடிக்க ஆள் இல்லை. போடு."

இறங்கினோம். வலையைச் சுற்றினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் முன்னால், ரூபன் வலப்பக்கம் கொஞ்சம் பின்னால். திரும்பி வந்து ஐந்து மீட்டரில் நின்றோம். சிலிண்டரில் காற்று குறைந்தால் சிலிண்டரின் பாரமும் குறையும், மட்டம் பிசகுகிற இடம் அதுதான்.

என் கால் மெல்ல உயர்ந்தது. நான் பதறவில்லை. கொஞ்சம் உயரும், பிறகு தானாக வரும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

வரவில்லை.

கம்பளிக் காலுறைக்குள் காற்று குளிராக ஓடுவது தெரிந்தது. கணுக்கால் இறுகியது. தலை கீழே போனது. அப்போதுதான் மூச்சு பதறியது. தலைகீழாகத் தொங்கியபடி நான் ரூபனைப் பார்த்தேன்.

அவனுடைய இடது தோளிலிருந்து குமிழிகள் கொட்டின. அரை ஆள் உயரம் இறங்கினான். இடப்பக்கம் திரும்பினான். மெதுவாக வழுக்கி வந்து, என் கால்களுக்கு நேர் கீழே நின்றான். என் கால் எழும்பத் தொடங்கும்போது எந்த இடத்தில் நின்றால் ஒருவர் இடது கையை உயர்த்தி என் பாதத்தைப் பிடிக்கலாமோ, சரியாக அந்த இடத்தில் நின்றான். கையை உயர்த்தினால் தோள் வால்வு திறக்கும், காற்று போகும், ஆள் பாரமாவார். அந்தப் பாரம் என் காலைக் கீழே இழுக்கும். எல்லாம் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது.

ரூபனின் கைகள் நெஞ்சில் கட்டியபடி இருந்தன. சுழியோடிகள் சும்மா கிடக்கும்போது அப்படித்தான் கட்டுவார்கள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் பெரிதாகி என்னைப் பார்த்தன. இடத்துக்கு வந்தாயிற்று, கை மட்டும் வரவில்லை.

நான் காலால் மேலே போனேன்.

ஐந்து மீட்டர்தான் என்பதால் பிழைத்தேன். மூக்கால் இரத்தம் வந்தது, காது இரைந்தது. ஆஸ்பத்திரியில் அழுத்தக் கூண்டுக்குள் அடைத்தார்கள். ஒரு பெரிய தகரப் பேணி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு கட்டில், சின்னக் கண்ணாடி ஜன்னல், பேசுவதற்கு ஒரு தொலைபேசி. ஜன்னலுக்கு வெளியே ரூபன் ஈரத் தலையோடு நின்றான்.

"அண்ணி, கேக்குதோ?"

"கேக்குது. கத்தாத."

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணி. அம்மாவாணை. சூட் தன்பாட்டில இறங்கினது. உங்கட காலுக்குக் கீழ போய் நிண்டுது. ஏன் நிக்குது எண்டு எனக்கு விளங்கேல்லை."

"எனக்கு விளங்கினது."

"என்ன?"

"உன்ர கொண்ணர் என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். தண்டையைக் கழட்டின நாளில இருந்து. நான் பழகவே இல்லை, ரூபன். ஒரு நாளும் பழகேல்லை. தடிச்ச சப்பாத்துக்குள்ள ரெண்டு விரல் பிடிச்சா எனக்கு என்னெண்டு தெரியும்? திரும்பிப் பாத்தா விட்டிட்டு ஒதுங்கியிருப்பார்."

அவன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"சூட்டுக்குக் காது இருக்கு. என்ர மூச்சு பதறினா அவர் காத்தை விட்டுட்டு எனக்குக் கீழ வருவார். ரெண்டு வருசமும் அதைத்தான் அது படிச்சிருக்கு. வலைக்குள்ள நீ மாட்டின அண்டைக்கு ஓலவ் என்ன செய்துகொண்டு இருந்தவன்?"

"கயிறு அறுத்துக்கொண்டு இருந்தவன். தடிச்ச கயிறு. மூச்சு வாங்கிக்கொண்டு..." ரூபன் நிறுத்தினான். "ஐயோ! அவனைக் காப்பாத்தவோ போனது?"

"ஓம்."

அவன் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தான். அழுகிறான் என்று தெரிந்தது. "கையை ஒருக்காத் தூக்கியிருந்தால் பிடிச்சிருப்பன், அண்ணி. கீழதான் நிண்டனான். கை எட்டுற தூரம்."

"உனக்கென்னடா தெரியும். என்ர கால், எனக்கே தெரியேல்லை."

நானும் அழுதேன். கூண்டுக்குள் அழுதால் சத்தம் திரும்பித் திரும்பி வரும். அவருடைய செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. ஆட்களுக்கு முன்னால் என்னைக் குறைவாக விடக்கூடாது என்று ஒரு மனிதர் வருஷக்கணக்காக என் காலுக்குக் கீழே கிடந்திருக்கிறார். நான் வடையைத் தின்றுகொண்டு என் கெட்டித்தனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கோபமும் வந்தது. ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன, மனுசா? சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், பிறகு பழகியிருப்பேன்.

வெளியே வந்ததும் ஈங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதை மட்டும் எடுக்க முடியாதா?" என்று நான்தான் கேட்டேன். "அந்த இறக்கத்தை மட்டும். மிச்சத்தை விடுங்கள்."

இரண்டு நாள் கழித்து வந்து "பார்த்தோம்" என்றாள். "முடியவில்லை. அவர் எப்படி அவ்வளவு அசையாமல் கிடந்தார் என்று நினைக்கிறாய்? முழு நேரமும் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அவருடைய ஒவ்வொரு மூச்சும் உன்னுடையதற்குப் பிறகுதான் வருகிறது. அதைப் பிரித்தால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை."

குழம்பில் கரைந்த உப்பை யார் திருப்பி எடுப்பது? எனக்கும் விளங்கியது. முந்நூறு பேர் மூச்சு வாங்கி வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு முறையும் கேதீஸ் யாரையோ பிடிக்க இறங்கிப் போவார், பிடிக்கக் கை இருக்காது, போகிறவன் வலைக்குள் மாட்டுவான். இன்னொரு வீட்டில் ஒருத்தி என்னைப் போல இருப்பாள்.

"அடுத்த சூட் என்னிடம் படிக்கவேண்டாம்" என்றேன். "எனக்குக் கால் நிற்காது."

ஈங்கர் தலையாட்டினாள். ஒரு சூட்டை மட்டும் அழிக்காமல் நான் வைத்துக்கொள்ளலாம் என்று தானாகவே சொன்னாள். வேலைக்குப் பாவிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அதைக் கேட்டதும் ரூபன் வீட்டுக்கே வந்துவிட்டான். "வைச்சிருங்கோ அண்ணி. நான் போடுறன். மாசத்தில ஒருக்கா இறங்குவம். நீங்கள் முன்னால போங்கோ. இந்த முறை நான் கையைத் தூக்குறன்."

நல்ல பிள்ளை. அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு யோசித்தேன். அந்த சூட்டை நான் போட்டால் கேதீஸ் என்னிடம் வரமாட்டார், பக்கத்தில் இருக்கிறவரைத் தேடிப் போவார். அவர் என்னிடம் வரவேண்டும் என்றால் அவரை வேறு யாராவது போடவேண்டும், நான் மூச்சுப் பதறவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நான் கொஞ்சம் சாகப் பார்க்கவேண்டும். வந்து பிடிக்கிற கை ரூபனுடையதாக இருக்கும்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "அது உன்ர கை. உன்ர மனுசியைப் பிடி."

பட்டறையில் எல்லாச் சூட்டுகளையும் ஒரே கணினியில் இணைத்திருந்தார்கள். அவருடையதையும் சேர்த்து இணைத்தேன். யாராவது செய்யட்டும் என்று ஈங்கர் சொன்னாள். யாராவது செய்தால் நான் வீட்டில் இருந்து அந்த நேரத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் அழிக்கிற பொத்தானை நானே அழுத்தினேன். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. கொக்கியில் தொங்கிய சூட்டின் இடது தோள் வால்வு ஒருமுறை மூச்சு விடுகிற மாதிரிச் சத்தம் போட்டுவிட்டு நின்றது. அது வால்வு மூடுகிற வழக்கமான சத்தம். நான்தான் பொருத்தினேன், எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் முடிந்து வந்த ஆட்டைத்திவசத்துக்கு முதல் நாள் அவருடைய சுழியோடும் பையை ஒதுக்கினேன். ரூபனுக்குக் கொடுக்கலாம் என்று. இடுப்புப் பட்டியை எடுத்தபோது கை இழுத்துக்கொண்டு போனது. பின்பக்கம் ஒரு பொக்கெற் தைத்திருந்தது, அவருடைய கோணல் தையல். அதைத் திறந்தேன்.

உள்ளே என் தண்டைகள் இரண்டும் இருந்தன. உப்பில் ஊறிச் சிவப்பு வெளிறிப்போயிருந்தது, ஆனால் 'வ' தெரிந்தது.

என் காலில் இருந்து கழற்றிய ஈயத்தைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். வண்டி மிதக்குது என்று எனக்குக் கதை சொல்லியிருக்கிறார். எதையோ சுமந்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எங்கேயோ ஒரு பண்ணையில் யாரோ எழுதியது அதைத்தான்.

அடுத்த நாள் படையல் முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுப் போனபின், ரூபனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன். இருவருமே சாதாரண சூட். படகில் எல்லோரும் பார்க்க, கணுக்காலில் தண்டைகளைக் கட்டினேன். ஒருவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இறங்கி, சுற்றி, திரும்பி வந்து, ஐந்து மீட்டரில் நின்றேன். சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன், இடது முழங்கையை உயர்த்திக் காற்றைத் துளி துளியாக விட்டேன். எல்லாம் அவர் எப்போதோ சொல்லித்தந்து நான் காதில் வாங்காத பாடங்கள். மட்டமாகக் கிடந்தேன். கீழே தண்ணீர் கறுப்பாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. ரூபன் வலப்பக்கத்தில் இருந்து கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து, நல்லாக் கிடக்கிறீர்கள் என்று காட்டினான்.

ஒரு தடவையாவது கால் எழட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை எழவில்லை.